வீட்டு மேசையில் குளச்சல் போர்: பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர்க்களக் காட்சி அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர் ஒன்றின் காட்சியைச் சிறிய அளவில் அமைப்பது வெளிநாடுகளில் பலர் குடும்பமாகச் செய்யும் பொழுதுபோக்கு. டயோரமா என்பார்கள். அதைக் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் மாமியாரும் சேர்ந்து, 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் போரின் ஒரு காட்சியை முடித்திருக்கிறோம். முடிப்பதற்குள் பட்ட பாடு அதிகம். கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் பசை நாகர்கோவிலில் கிடைக்காது. அவர்கள் சொல்லும் உலரும் நேரம் நம் மழைக்காலத்தில் பொருந்தாது. அவர்கள் வாங்கச் சொல்லும் பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்த வேலைக்கான கைப்பழக்கம் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர்களும் நவராத்திரியில் கொலு வைக்கிறவர்களும் மலை, குளம், பாதை, மரம், கூரை எல்லாம் செய்து பழகியவர்கள். அந்தக் கையை அப்படியே இதற்குத் திருப்புங்கள். வெளியிலிருந்து வாங்க வேண்டியது சிப்பாய்கள் மட்டுமே.

1. போரை விட்டுவிட்டு ஒரு நொடியைத் தேர்ந்தெடுங்கள்

முழுப் போரையும் பலகையில் கொண்டுவர முடியாது. 60 சென்டிமீட்டர் நீளப் பலகை, 72-இல் ஒரு பங்கு என்னும் சிறிய பொம்மை அளவில்கூட, உண்மையில் 43 மீட்டர் நிலத்தைத்தான் காட்டும். குளச்சல் கடற்கரையில் 43 மீட்டர் என்பது சில படகுகள் வரிசையாக நிற்கும் இடம். ஆகவே ஒரு மூலை, ஒரு நொடி என்று சுருக்குங்கள்.

குளச்சலைப் பொறுத்தவரை மூன்று காட்சிகள் நன்றாக வரும். டச்சுக்காரர்கள் படகிலிருந்து பீரங்கியை இறக்குவது ஒன்று. அவர்களுடைய மரவேலிப் பாளையத்தைத் திருவிதாங்கூர்ப் படை சூழ்ந்து நிற்பது இன்னொன்று. பாளையத்துக்குள் விழுந்த குண்டால் வெடிமருந்து தீப்பற்றி அரிசி இருப்பு எரிந்ததாகச் சொல்லப்படும் வேளை மூன்றாவது. நாங்கள் எடுத்தது மூன்றாவதை. தீயும் புகையும் பார்ப்பவர் கண்ணை உடனே ஒரே இடத்துக்கு இழுக்கும், சிப்பாய்கள் குறைவாக இருந்தாலும் காட்சி நிறைந்து தெரியும் என்பதால் புதியவர்களுக்கும் அதையே சொல்வேன்.

காட்சியின் காலம் ஆகஸ்ட் 1741. அதாவது ஆடி மாதம், தென்மேற்குப் பருவமழை. இதை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கடல் கொந்தளிப்பாக, சாம்பல் கலந்த பச்சையில் இருக்க வேண்டும். மணல் ஈரமாக, நிறம் கறுத்து இருக்க வேண்டும். தென்னை ஓலைகள் கடலிலிருந்து கரைப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். சுற்றுலா அட்டைப் படத்தில் வரும் நீலக் கடலையும் வெள்ளை மணலையும் செய்தால் காட்சி சித்திரை மாதக் காட்சியாகிவிடும். அதேபோல் ரப்பர் மரம், தூண்டில் வளைவு (கடலுக்குள் போடும் அலைத் தடுப்புக் கற்சுவர்), சிமெண்ட் வீடு எதுவும் வரக் கூடாது. பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதைத்தான் செய்வார்கள் என்பதால் இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும். தென்னை, பனை, தாழைப் புதர், ஓலைக் குடிசை, கட்டுமரம் இவை போதும்.

2. அளவை முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள்

கடைகளில் புழங்குவது பெரும்பாலும் மூன்று அளவுகள். 72-இல் ஒரு பங்கு என்றால் ஆள் உயரம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். 28 மில்லிமீட்டர் அளவு, மேசைப் போர் விளையாட்டுக்காரர்கள் பயன்படுத்துவது. 54 மில்லிமீட்டர் என்பது பழங்காலப் பொம்மைச் சிப்பாய் அளவு, ஏறக்குறைய 32-இல் ஒரு பங்கு.

குடும்பமாகத் தொடங்குகிறவர்களுக்கு 72-இல் ஒரு பங்குதான் சரி. ஒரே பெட்டியில் நாற்பதுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் வருவார்கள். ஒருவன் கெட்டாலும் வருத்தமில்லை. வீட்டில் ஐந்து அல்லது ஆறு வயதுப் பிள்ளை இருந்து அதுவும் கட்டாயம் வண்ணம் தீட்ட வேண்டும் என்றால் மட்டும் 54 மில்லிமீட்டருக்குப் போங்கள். அப்போது பலகையில் பத்துப் பேருக்கு மேல் வைக்க இடம் இருக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அளவு முடிவானதும் வீட்டுச் சுவரில் ஒரு கணக்கு எழுதுங்கள். 72-இல் ஒரு பங்கு என்றால், உண்மை நிலத்தில் 1 மீட்டர் என்பது பலகையில் 1.4 சென்டிமீட்டர். 18 மீட்டர் தென்னை 25 சென்டிமீட்டர் ஆகும். இரண்டரை மீட்டர் வேலி மூன்றரை சென்டிமீட்டர். 7 மீட்டர் படகு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். எங்கள் மகள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பின்னத்தின் பயனைப் புரிந்துகொண்டாள். புதியவர்கள் செய்யும் காட்சிகளில் கண்ணை உறுத்தும் முதல் குறை, ஆளைவிட இரண்டு மடங்கு மட்டுமே உயரமான தென்னைமரம். உண்மையில் பத்து மடங்கு உயரம் வேண்டும்.

3. இடங்களைப் போய்ப் பாருங்கள்

நமக்கு இருக்கும் பெரிய வசதி இது. வேலை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை. கேரள அரசின் தொல்லியல் துறை நிர்வகிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மதிய இடைவேளையும் உண்டு. நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும், கேமராவுக்குத் தனிக் கட்டணம். காலையிலேயே போய்விடுங்கள். பழைய வாள், ஈட்டி முதலிய ஆயுதங்களைப் பார்த்துப் பிடி எப்படி, நீளம் எவ்வளவு என்று பிள்ளைகளை நோட்டில் வரையச் சொல்லுங்கள். டச்சுத் தளபதி டிலனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சியைக் காட்டும் ஓவியம் ஒன்றும் அங்கே உண்டு. அது பிற்காலத்தில் வரையப்பட்டது. ஆட்களின் நிலைக்கும் கூட்ட அமைப்புக்கும் அதைப் பாருங்கள். உடை விவரத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

அங்கிருந்து புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டை மிகப் பக்கம். 1777-இல் இறந்த டிலனாயின் கல்லறை, கூரையில்லாத தேவாலயத்துக்குள் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மாலையில் குளச்சல். கடற்கரைக்குப் பக்கத்தில் வெற்றித்தூண் நிற்கிறது. தூணைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். கரையில் நின்று கடலுக்குள் இருக்கும் பாறைகளைப் படமெடுங்கள். அலை எங்கே உடைகிறது, ஈர மணல் எங்கே முடிகிறது என்று பாருங்கள். முடிந்தால் ஆடி மாதத்தில் ஒரு தடவை போங்கள். அந்த நிறம் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது.

நினைவுச்சின்னங்களிலிருந்து ஒரு கல்லையோ ஓட்டுத் துண்டையோ எடுத்து வரக் கூடாது என்று பிள்ளைகளிடம் வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பிய உடைக்கு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன் சேகரிப்பின் படங்களை இணையத்தில் இலவசமாக, பெரிய அளவில் தருகிறது. 18-ஆம் நூற்றாண்டு டச்சுச் சிப்பாய் அச்சுப் படங்களைத் தேடி நான்கைந்தை வண்ணப் படமாக அச்சிட்டு மேசையில் வையுங்கள்.

4. சிப்பாய்களை வாங்குவது: விலை, ஆவணம், காத்திருப்பு

அதிகம் பேர் தடுக்கி விழும் படி இது. நிதானமாகப் படியுங்கள்.

குளச்சல் போருக்கென்று தனிப் பெட்டி தேடி அலையாதீர்கள். அந்தக் காலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐரோப்பியக் காலாட்படையை வாங்கி வண்ணத்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்வெஸ்டா நிறுவனத்தின் பெரிய பீட்டர் காலத்து ரஷ்யக் காலாட்படையும் பன்னிரண்டாம் சார்லஸ் காலத்து சுவீடன் காலாட்படையும் 72-இல் ஒரு பங்கில் உண்டு. நீளக் கோட்டு, முழங்கால் வரையிலான கால்சட்டை, முக்கோணத் தொப்பி, நீளத் துப்பாக்கி எல்லாம் டச்சுக்காரர்களுக்கு நன்றாகப் பொருந்தும். நெப்போலியன் காலத்துப் பெட்டி எளிதில் கிடைக்கிறது என்று அதை வாங்காதீர்கள்; உயரமான உருளைத் தொப்பி அறுபது, எழுபது ஆண்டு பிந்தியது.

வாங்கும் வழிகள் மூன்று.

முதல் வழி, நம் நாட்டு மாடல் பொருள் விற்பனையாளர்கள். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலிருந்து கூரியரில் அனுப்புவார்கள். பெட்டி ஆயிரத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வரை ஆகலாம். வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு அதிகம் என்று தோன்றும். ஆனால் வரியும் தலைவலியும் அவர்களுடையது. ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஜிஎஸ்டி ரசீது கேட்டு வாங்குங்கள். புதியவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி, வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020-இல் 60 சதவீதமாகவும் 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படும். அதன் மேல் ஜிஎஸ்டியும் வரும். போதாதென்று, 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டுப் பெட்டியில் அது இருக்காது. அதிகாரி அதைப் பொம்மை என்று பார்த்தால் பார்சல் நின்றுவிடும். எங்களுடைய பார்சல் ஒன்று அப்படித்தான் வாரக்கணக்கில் நின்றது. கேள்விகள் வந்தபோது கையில் தாள்கள் இல்லாதிருந்தால் திரும்பிப் போயிருக்கும்.

எனவே இந்த வழியில் போகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும் அன்றே பின்வருவனவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்: விலை குறிப்பிட்ட விற்பனை ரசீது, பணம் செலுத்தியதற்கான வங்கிச் சான்று, பொருளின் படமும் விவரமும் உள்ள பக்கத்தின் அச்சு, ஆதார், பான் நகல். பார்சலில் எழுதும் பெயர் ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரையோ, தலைப்பெழுத்து இல்லாத பெயரையோ கொடுத்தால் அடையாளச் சரிபார்ப்பில் நின்றுவிடும். விலையைக் குறைத்து எழுதும்படியோ பரிசு என்று எழுதும்படியோ அனுப்புகிறவரைக் கேட்காதீர்கள். அது சட்டமீறல், பரிசு என்பதற்கு வரி விலக்கும் கிடையாது.

மூன்றாவது வழி மலிவானது. திருவிழாக் கடைகளிலும் நாகர்கோவில் பொம்மைக் கடைகளிலும் கிடைக்கும் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்ப் பை. நூறு, இருநூறு ரூபாய். இவர்கள் இன்றைய ராணுவ உடையில் இருப்பார்கள், காட்சிக்கு உதவாது. ஆனால் வண்ணம் பழக இவர்களைவிட நல்ல பொருள் இல்லை. நல்ல பெட்டியைத் திறக்கும் முன் ஆளுக்கு ஐந்து பச்சைச் சிப்பாய்களைக் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய உலோகச் சிப்பாய்கள் யாரிடமாவது இருந்து பரிசாக வந்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஈயத்தில் வார்த்தார்கள். அலமாரியில் பார்வைக்கு இருக்கட்டும்.

5. பலகையும் நிலமும்

அடியில் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், 60-க்கு 40 சென்டிமீட்டர். புதிதாக முழுப் பலகை வாங்க வேண்டாம்; மரவேலைப் பட்டறையில் வெட்டு மீதம் கேட்டால் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கியதும் இரு பக்கமும் விளிம்பும் வார்னிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் பலகை வளைந்து, மேலே போட்ட நிலம் வெடிக்கும்.

மேடு பள்ளத்துக்குத் தெர்மகோல். கடல் ஓரம் தாழ்ந்து, பாளையம் இருக்கும் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயரட்டும். தெர்மகோலை ஃபெவிகாலால் மட்டும் ஒட்டுங்கள். ரப்பர் பசையும் ஸ்பிரே பெயிண்டும் தெர்மகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதன் மேல் பழைய செய்தித்தாளைக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டி, மூன்று நாள் விடுங்கள். குடில் மலை கட்டியவர்களுக்கு இதில் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. பிறகு பாரிஸ் சாந்தை மெல்லியதாகப் பூசுங்கள்.

இனி மணல். குளச்சல் காட்சிக்குக் குளச்சல் மணலையே போட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை வரும். வேண்டாம். மணவாளக்குறிச்சியை ஒட்டிய நம் கடற்கரை மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்திருக்கின்றன. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அணுக்கனிமம் என்பதால் அள்ளி வருவது சட்டச் சிக்கல். பிள்ளைகள் கைபடும் பொருளில் அதைச் சேர்ப்பதும் சரியல்ல. எந்தக் கடற்கரை மணலானாலும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வண்ணம் உரியும். வீடு கட்டும் இடத்தில் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்கி, மாவுச் சல்லடையில் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். நிறத்தை நாம் தீட்டிக்கொள்ளலாம். ஃபெவிகால் தடவி மணலைத் தூவி, உலர்ந்ததும் பழுப்பு, அதன் மேல் தண்ணீராகக் கரைத்த கறுப்பு. கடலை நெருங்க நெருங்கக் கறுப்பு கூடட்டும்.

6. வேலி, தென்னை, கடல்

பாளையத்தின் மரவேலிக்கு ஒரு தென்னந் துடைப்பம் போதும். ஈர்க்கின் அடிப்பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் பருமன். நம் கணக்குப்படி அது 18 சென்டிமீட்டர் பருமனுள்ள மரக்கம்பு. நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைச் சாய்வாகச் சீவி, தெர்மகோலில் அரை சென்டிமீட்டர் இறக்கி நெருக்கமாக நடுங்கள். மூலையிலிருந்து இரு பக்கமும் 20 சென்டிமீட்டர் வீதம் என்றால் ஏறக்குறைய 160 துண்டு வேண்டும். எங்கள் மாமியார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே இரண்டு மாலைகளில் சீவி முடித்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை. எரிந்த பகுதியில் நான்கைந்து ஈர்க்குகளை உண்மையிலேயே மெழுகுவர்த்தியில் கருக்கி நட்டால் வண்ணத்தால் வராத கறுப்பு வரும். அதைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

தென்னைக்குக் கட்டுக்கம்பி மூன்று இழையை முறுக்கி, மாஸ்கிங் டேப் சுற்றி, ஃபெவிகால் தடவித் தென்னை நார்த்தூளில் உருட்டுங்கள். ஓலை 6 சென்டிமீட்டர் நீளம். பச்சைக் காகிதத்தை நீளவாக்கில் மடித்து, படகு வடிவில் வெட்டி, ஓரத்தில் கத்தரிக்கோலால் நெருக்கமாகக் கீறுங்கள். ஒரு மரத்துக்கு இருபது ஓலை. பெரும்பாலான ஓலைகளைக் கரைப்பக்கமாக வளைத்துவிடுங்கள். ஆடிக்காற்று அடிப்பது உடனே தெரியும். தேங்காய்க்கு மிளகு சரியான அளவு. டச்சுக்காரர்கள் எதைத் தேடி வந்தார்களோ அதுவே மரத்தில் தொங்கட்டும். வார்னிஷ் தடவாவிட்டால் பூச்சி அரிக்கும்.

பன்னாடையைத் தூக்கி எறியாதீர்கள். மெல்லிய இழையைப் பிரித்தெடுத்தால் வலை, கூரை, கயிறு எல்லாம் ஆகும். கட்டுமரத்துக்கு முருங்கை அல்லது கல்யாண முருங்கைக் குச்சி. மூன்றை இணைத்து நூலால் கட்டினால் போதும்.

கடலுக்கு ரெசின் ஊற்றச் சொல்வார்கள். விலை அதிகம், நெடி அதிகம், ஈரக்காற்றில் சில நேரம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டிஷ்யூ காகிதத்தைக் கசக்கி ஃபெவிகாலில் நனைத்து அலை மடிப்புகளாக ஒட்டி, சாம்பல் பச்சை தீட்டி, நுனியில் வெள்ளை தொட்டு, மேலே பளபளப்பு வார்னிஷ் இரண்டு கை. இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட நல்ல ஆடிக் கடல் வராது.

புகைக்கு இலவம் பஞ்சு. சாதாரணப் பஞ்சு கட்டியாக நிற்கும். இலவம் பஞ்சை எவ்வளவு வேண்டுமானாலும் மெலிதாகப் பிரிக்கலாம். அடியில் கறுப்பு, மேலே போகப் போகச் சாம்பல். உள்ளே மினுங்கும் எல்இடி மெழுகுவர்த்தி ஒன்றை மறைத்தால் தீயாகிவிடும். அதன் பொத்தான் பேட்டரி குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. திருகாணி போட்டு மூடும் வகையை மட்டும் வாங்குங்கள்.

7. வண்ணம் தீட்டுதல்

சிப்பாய்கள் மெழுகுத்தன்மை கொண்ட மென்பிளாஸ்டிக். கழுவாமல் தீட்டினால் வண்ணம் தோலாக உரிந்து வரும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஓர் இரவு உலரவிடுங்கள். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு. அது உலர்ந்தபின் அக்ரிலிக். ஃபெவிகிரில், கேம்லின் சிறு புட்டிகள் போதும். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, நீலம், சிவப்பு, தோல்நிறம், மஞ்சள் என்று ஏழெட்டு வாங்கினால் மீதியைக் கலந்துகொள்ளலாம். கலக்கச் சிரட்டையைப் போல ஒன்று கிடையாது. தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பூஜ்யம் எண் தூரிகை ஒன்று நல்லதாக வேண்டும்.

ஒவ்வொரு சிப்பாயையும் ஒரு பழைய பாட்டில் மூடியில் சிறு துளி பசையால் நிறுத்துங்கள். மூடியைப் பிடித்துத் தீட்டினால் விரல் படாது. ஒரு நிறத்தை எல்லாருக்கும் தீட்டி முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். 23 மில்லிமீட்டர் ஆளுக்குக் கண், புருவம் தீட்ட முயலாதீர்கள். முகத்தைத் தோல்நிறத்தில் தீட்டி, பழுப்பைத் தேநீர் நிறத்துக்குக் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். அது மூக்கின் இருபுறமும், கண் குழியிலும், கன்னத்துக்கு அடியிலும் தானாகவே ஓடித் தங்கும். அரை நிமிடத்தில் முகம் பிறப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். எங்கள் மகன் தூரிகையைக் கீழே வைக்க மறுத்தது அந்த மாலையில்தான்.

மழை நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் அது பால்போல வெளுத்து எல்லா வண்ணத்தையும் மூடிவிடும். தூரிகையால் பூசும் மங்கல் வார்னிஷ் எந்த நாளிலும் நடக்கும்.

8. திருவிதாங்கூர் வீரர்களை நாமே ஆக்குவது

கடினமானதும் நிறைவானதும் இந்த வேலைதான். அக்காலத்து நாயர் வீரர் மேலாடையின்றி, இடுப்பில் வேட்டியும் முன்பக்கம் முடிந்த குடுமியுமாக இருப்பார். வாள், கேடயம், சிலருக்குத் துப்பாக்கி. மேலாடையில்லாத எந்தப் பழங்காலப் பெட்டியும் இதற்கு உதவும். கையின் நிலையை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வேட்டிக்கு டிஷ்யூ காகிதத்தின் ஒரே அடுக்கைப் பிரித்து, 8 மில்லிமீட்டர் அகல நாடாவாக வெட்டுங்கள். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தூரிகையால் இடுப்பில் தடவி, நாடாவைச் சுற்றி, ஈரமாக இருக்கும்போதே ஊசி நுனியால் மேலிருந்து கீழாக மடிப்புகளைக் கீறுங்கள். உலர்ந்தபின் கல்போல நிற்கும். குடுமிக்குக் கடுகளவு எம்-சீல். கலந்த பத்து நிமிடத்துக்குள் கையாள வேண்டும்; கையுறை போடுங்கள். கேடயத்துக்குக் காகிதத் துளையிடும் கருவியில் விழும் வட்டத்தை அட்டையில் எடுத்துக்கொள்ளலாம். பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு 15 மில்லிமீட்டர் கோட்டுப் பொத்தான்.

எல்லாரையும் ஒரே திசையில், ஒரே பாய்ச்சலில் நிறுத்தாதீர்கள். ஒருவர் காயம்பட்டவரைத் தூக்கட்டும். ஒருவர் வெடிமருந்துப் பை சுமக்கட்டும். ஒருவர் சும்மா தீயைப் பார்த்து நிற்கட்டும். எதிர்ப்பக்கத்தையும் அதே அக்கறையோடு செய்யுங்கள். வேலிக்குள் எரியும் அரிசியைக் காப்பாற்ற ஓடும் டச்சுச் சிப்பாய்க்கும் ஒரு வீடு இருந்தது என்று பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல நேரம் வராது.

9. கண்ணாடிப் பெட்டி

மூடி வைக்காவிட்டால் ஒரே மழைக்காலத்தில் தூசியும் பூஞ்சையும் சேர்ந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். இதற்கென்று தனிப் பெட்டி செய்கிறவர்களைத் தேடாதீர்கள். மீன்தொட்டி செய்யும் கடைக்குப் போய், 'தொட்டியைக் கவிழ்த்து வைக்கப் போகிறோம், தண்ணீர் ஊற்றப் போவதில்லை' என்று சொல்லி 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் கேளுங்கள். 60, 40, 30 சென்டிமீட்டர் அளவுக்கு எட்டுக் கிலோவுக்கு மேல் எடை வரும். இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். உள்ளளவு பலகையைவிட எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். ஆர்டர் கொடுக்கும் முன் மிக உயரமான தென்னையை நிலத்தோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள். சிலிகான் நெடி போக ஒரு வாரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். உள்ளே ஒரு மூலையில், கரைமேட்டுக்குப் பின்னால், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.

10. செலவும் காலமும்

எங்களுக்கு ஆனது ஏறக்குறைய இப்படி. பலகை, தெர்மகோல், சாந்து, பசை சேர்ந்து ஆயிரம். வண்ணம், தூரிகை, வார்னிஷ் ஆயிரம். சிப்பாய்ப் பெட்டிகள் இரண்டு, மூவாயிரத்துக்குள். கண்ணாடி இரண்டாயிரத்துக்குள். ஆறேழாயிரம் ரூபாய்க்கு மேல் போகத் தேவையில்லை. அதையும் ஒரே மாதத்தில் செலவழிக்க வேண்டியதில்லை. கண்ணாடியைக் கடைசியில் வாங்கினால் போதும்.

காலத்தைத்தான் கவனமாகத் திட்டமிட வேண்டும். நமக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தொடங்கினால் உலர வைப்பதிலேயே ஆண்டு போய்விடும். ஜனவரியில் தொடங்குங்கள். ஜனவரித் தொடக்கத்தில் வரும் கிறிஸ்தவத் திருநாளான திருக்காட்சிப் பெருவிழா முடிந்து குடில்களைப் பிரிக்கும் நேரம் அது. புல், பாசி, மலைக் காகிதம், சிறு விளக்குத் தொடர் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாலே கிடைக்கும். கோட்டாறு கம்போளத்துக் கடைகளிலும் மிச்சச் சரக்கைக் குறைத்துக் கொடுப்பார்கள். சிப்பாய்களுக்கு அதே வாரம் ஆர்டர் போட்டுவிடுங்கள். பிப்ரவரிக்குள் பலகையும் நிலமும் முடியட்டும். மார்ச் தேர்வு மாதம், பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பெரியவர்கள் வேலியும் தென்னையும் செய்யுங்கள். வண்ணம் முழுக்க ஏப்ரல், மே விடுமுறையில். ஜூன் முதல் மழைக்கு முன் கண்ணாடி மூடிவிட வேண்டும். ஒருநாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். கண் களைத்தால் வெறுப்பு வரும்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். கத்தியும் எம்-சீலும் பெரியவர்கள் கையில் மட்டும்.

11. பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொண்டுபோவதென்றால்

வெற்றி நினைவு நாள் ஆகஸ்ட் 10. அன்றைக்கு வைக்க விரும்பினால் தலைமை ஆசிரியருக்கோ நூலகருக்கோ ஜூலை முதல் வாரத்திலேயே கடிதம் கொடுங்கள். மேசை அளவு, மின்சாரம் தேவையா, எத்தனை நாள், பொறுப்பு யாருக்கு என்று நான்கு வரி போதும். கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையில் நாளைக் குறிப்பிடாதீர்கள். டச்சுப் படை ஆகஸ்ட் 7 அன்று சரணடைந்ததாகவும் குறிப்பு உண்டு. பார்க்க வரும் பெரியவர்கள் அதை வைத்தே விவாதம் தொடங்கிவிடுவார்கள். 'குளச்சல், ஆகஸ்ட் 1741' என்று எழுதி, கீழே அளவையும் செய்தவர்கள் எல்லாருடைய பெயரையும் போடுங்கள். ஈர்க்கு சீவியவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

எடுத்துச் செல்லும்போது கண்ணாடியையும் பலகையையும் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். பலகையைக் காரின் பின் இருக்கையில் வைக்காதீர்கள், அது சாய்வாக இருக்கும். கால் வைக்கும் இடத்தில் தலையணை போட்டுச் சமமாக வையுங்கள். தென்னைகளைக் கழற்றி மாட்டும்படி செய்திருந்தால் தனி டப்பாவில். பாதி ஃபெவிகால் புட்டி, ஊசி, பூஜ்யம் எண் தூரிகை, நான்கைந்து உபரிச் சிப்பாய்கள் இவை உள்ள சிறு பை ஒன்று கையோடு இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் யாராவது ஒருவர் விழுந்து கிடப்பார்.